திரும்பி வந்தவனுக்குக் கல்லு கெடையாது

கொஞ்சம் தள்ளிப் படு கண்ணு, மொறம் இடிக்குது. நாளைக்கு வெதைக்கணும், இந்த மல்லாட்டைக் கடலைய உடைச்சு முடிக்காம நான் எழுந்திருக்க முடியாது. கை பாட்டுக்கு வேலையப் பார்க்கட்டும், வாயி சும்மாதான இருக்கு, கதை சொல்றேன். மெதுவாத்தான் சொல்லுவேன். அத்தை முழிச்சிருக்காங்க, அவங்க காதுல விழுந்தா எனக்கு வெக்கமாப் போயிடும். நீ ம் கொட்டணும். பருப்ப எடுத்து வாயில போடாத, அது வெதை.

படக்... படக்...

ஒரு ஊர்ல ஒரு கல்லு இருந்துச்சு.

"ராஜா இல்லியா?"

ராஜா இல்ல, கல்லுதான். ஒங்கப்பா ஒசரம் இருக்கும். அதுல ஒரு ஆளு வேலப் புடிச்சிக்கிட்டு நிக்கிற மாதிரி செதுக்கியிருக்கும். எதிர்ல ஒரு புலி, வாயத் தொறந்துக்கிட்டு. அந்த ஆளு பேரு வேங்கையன். அந்த ஊர்ல யாராச்சும் ஊருக்காக உசுர விட்டா, ஒடனே ஒரு கல்லு நட்டு சாமியாக்கிடுவாங்க. அவங்க வீட்டுக்கு அப்புறம் 'கல்லு வீடு'ன்னு பேரு.

வேங்கையன் பொண்டாட்டி பூவாயி. என் வயசுதான் இருக்கும். அவ கெணத்துக்கு வந்தா, வரிசையில நிக்கிறவங்க எல்லாம் கொடத்த எடுத்துக்கிட்டு ஒதுங்கிடுவாங்க. தை மாசம் கல்லுக்குப் பொங்க வெச்சா, மொத எல அவளுக்குத்தான். நாட்டாமை இருக்காரே, அவரே தோள்ல கெடக்கிற துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, "வாங்கம்மா"ன்னு எழுந்து நிப்பாரு.

"ம்."

பக்கத்து வீட்டுல காத்தாயின்னு ஒருத்தி. அவளுக்கும் பூவாயிக்கும் ஒரே மாசத்துலதான் கல்யாணம் ஆச்சு. உப்பு இல்லன்னா இவகிட்ட அவ வருவா, புளி இல்லன்னா அவகிட்ட இவ போவா. இப்போ பார்த்தா, அவ கல்லு வீட்டம்மா, இவ வெறும் காத்தாயி. எரியாதா வயிறு? தண்ணி குடிச்சாலும் அடங்கல, மோர் குடிச்சாலும் அடங்கல, ஈரத்துணியப் போட்டுப் படுத்தாலும் அடங்கல.

"அவ புருஷன் செத்துட்டாரே, அதுக்காம்மா பொறாமை?"

நல்லாக் கேட்ட. செத்தது இவ கண்ணுல படல கண்ணு. கல்லுதான் பட்டுச்சு.

காத்தாயி புருஷன் பேரு பாவாடை.

"ஹிஹி... பாவாடையா?"

சிரிக்காத, அது சாமி பேரு. ஆனா ஊரே அப்படித்தான் சிரிச்சுச்சு. "பேரே பாவாடை, இவன் எங்கடா வேலு புடிக்கிறது"ன்னு. நல்ல மனுஷன் அவன். மாடு மேய்ப்பான், வருவான், கஞ்சி குடிப்பான். சர்ர்ர்... சர்ர்ர்ருன்னு தெருக் கோடி வரைக்கும் கேட்கும், அவன் கஞ்சி குடிக்கிற சத்தம். அந்தச் சத்தத்தக் கேட்டாலே காத்தாயிக்குக் கோவம் வரும். "யோவ், வேங்கையனப் பாரு, எப்படி நிக்கிறாரு கல்லுல! நீ இருக்கியே, ஒக்காந்து ஒறிஞ்சிக்கிட்டு!" அவன் என்ன சொல்லுவான் தெரியுமா? "கல்லு எங்கடி கஞ்சி குடிக்குது"ன்னுட்டு மறுபடியும் சர்ர்ர்.

அப்போ ஒரு நாளு ஒரு சிறுத்தை வந்துச்சு ஊருக்குள்ள. ஆட்டுப் பட்டிகிட்ட உர்ர்ர்ருன்னு நிக்குது. ஒருத்தனும் வெளிய வரல. காத்தாயி ஓடிப்போயி, பரண் மேல கெடந்த வேல எடுத்தாந்து புருஷன் கையில திணிச்சா. "போய்யா, இன்னிக்காவது போ!" அவன் வேல செவுத்துல சாத்தி வெச்சான். ஒரு கட்டு வைக்கோல எடுத்துப் பத்த வெச்சான். ஒரு தகரத்த எடுத்தான். டமார் டமார் டமார்! சிறுத்தை எடுத்துச்சு பாரு ஓட்டம், மலையிலதான் போய் நின்னுச்சு. ஒரு குட்டியக் கூட அது தொடல. ஊரே ஓடி வந்து, "எங்கடா சிறுத்தை?"ன்னு கேட்டுச்சு. "ஓடிப்போச்சு." "கொல்லலியா?" "அதுக்கும் குட்டி இருக்கும்ல." நாட்டாமை மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டாரு. "ரத்தம் சிந்தாததெல்லாம் ஒரு வீரமா?" எல்லாரும் போயிட்டாங்க. காத்தாயிக்கு அழுகையா வருது.

அப்புறம் கொஞ்ச நாளு கழிச்சு மாட்டுத் திருடனுங்க வந்தானுங்க. ஊரு மாட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க. பாவாடை தனியாப் பின்னாடியே போனான். வெட்டினானா? இல்ல. குத்தினானா? இல்ல. குன்று மேல ஏறி நின்னு, கைய வாயில வெச்சு, தெனமும் மாட்டக் கூப்புடுவான் பாரு, அந்தக் கொரல்ல கூப்பிட்டான். "ஓஓஓய்... வா வா வா... ஓஓஓய்!" அவ்ளோதான். எல்லா மாடும் திரும்பிடுச்சு! தட தட தடன்னு புழுதியக் கெளப்பிக்கிட்டு ஓடி வருது. திருடனுங்க மிதிபடாம இருக்க மரத்துல ஏறிக்கிட்டானுங்க.

"ம்ம்! நல்லா வேணும்."

நல்லா வேணும்தான். ஆனா ஊர்ல என்ன கேட்டாங்க? "காயம் எங்கடா?" காயமே இல்ல. "காயமில்லாம வந்தவன எந்தக் கணக்குல சேர்க்கிறது"ன்னு சொல்லிட்டாங்க. அந்த மாட்டுப் பால்லதான் பொங்க வெச்சாங்க கண்ணு, மொத எல மட்டும் பூவாயிக்குப் போச்சு. காத்தாயி கடைசி வரிசையில ஒக்காந்து, சோத்தப் பெசஞ்சிக்கிட்டே இருந்தா.

தூங்கிட்டியா?

"ம்கூம்."

அப்புறம் அந்த வருஷம் ஐப்பசியில ஊத்துச்சு பாரு மழை. சோ... சோன்னு நிக்கவே இல்ல. ஏரிக்கரை ஒடைய ஆரம்பிச்சிடுச்சு. பறை அடிச்சு ஆளுங்களக் கூப்பிட்டாங்க. பாவாடை மம்முட்டியத் தூக்கித் தோள்ல போட்டான். அப்போ வாசல்ல நின்னுக்கிட்டு காத்தாயி ஒரு வார்த்தை சொன்னா. "யோவ், இந்த வாட்டியும் சும்மா முழுசாத் திரும்பி வந்தேன்னா, இந்த வீட்டுல ஒனக்கு அடுப்பு எரியாது." அவன் மம்முட்டிய இன்னொரு தோளுக்கு மாத்திக்கிட்டான். "சரி காத்தாயி"ன்னான். போயிட்டான்.

போன எல்லாரும் விடியக்காலையில திரும்பி வந்தாங்க. அவன் மட்டும் வரல. ஒடைப்ப அடைக்கும்போது அந்தப் பக்கமா நின்னானாம், தொபீர்னு கரை சரிஞ்சுச்சாம், அப்புறம் யாரும் பார்க்கலியாம். ஒடைப்பு அடைஞ்சிடுச்சு. ஊரு தப்பிச்சிடுச்சு.

அப்போ வீட்டு வாசல்ல ஒரு செருமல் சத்தம். எட்டிப் பார்த்தா நாட்டாமை. துண்டு இடுப்புல இருக்கு. "காத்தாயம்மா"ங்கிறாரு. அம்மாவாம்! இத்தன வருஷத்துல கூப்பிட்டதே இல்ல. அவ ஒண்ணும் புரியாம கொடத்த எடுத்துக்கிட்டு கெணத்துப் பக்கம் போனா. எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாங்க. பூவாயியும் ஒதுங்கினா. எதுக்கு ஏங்கிக் கெடந்தாளோ அது அத்தனையும் வந்துடுச்சு கண்ணு. அவளால கயித்த இழுக்க முடியல. அங்கயே கல்தச்சரு வந்து பணிவாக் கேட்கிறாரு. "அம்மா, கல்ல ஒடச்சு எடுத்தாச்சு. அவர் கையில என்ன வெக்கட்டும்? வேலா, மம்முட்டியா?"

கொடம் தண்ணியில விழுந்துச்சு. டொங்!

"ஒண்ணும் வெக்காத! கல்ல நடாத! அவரு வருவாரு, அவருக்குத் திரும்பி வரத்தான் தெரியும்! நான்தான்... நான்தான் வராதேன்னு..." எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. பாவம், துக்கத்துல பேசுறான்னு நெனச்சாங்க. அவ வீட்டுக்கு ஓடி வந்தா. அடுப்பு எரியாதுன்னு சொன்ன வாயாலயே ஊதினா. ஈர வெறகு. ஃபூ... ஃபூ... கண்ணெல்லாம் பொகை. எப்படியோ பத்திக்கிச்சு. கஞ்சிய வெச்சுட்டு ஒக்காந்துட்டா.

உச்சி வெயிலு ஏறிச்சு. அப்போ தெருக் கோடியில சதக் சதக்குன்னு ஒரு சத்தம். ஒடம்பெல்லாம் சேறு, கண்ணு மட்டுந்தான் தெரியுது. பாவாடை! தண்ணி அந்தக் கரையில தள்ளிடுச்சாம், நடுவுல வெள்ளமாம், ஏரியச் சுத்திக்கிட்டு வந்தானாம். வாசல்ல நின்னு உள்ள வராம கேட்கிறான், "காத்தாயி, முழுசாத்தான் வந்துட்டேன். என்ன பண்ணட்டும்?"

அவன் கையப் புடிச்சு இழுத்து உள்ள ஒக்கார வெச்சா.

"அப்போ ஊர்ல எல்லாருக்கும் சந்தோசமா?"

அதான் இல்ல! "வந்துட்டானா..."ன்னு இழுத்தாங்க. கல்தச்சருக்குக் கல்லு வீணாப் போச்சேன்னு வருத்தம். நாட்டாமை இடுப்புல இருந்த துண்ட அவுத்து, ஒரு ஒதறு ஒதறி, மறுபடியும் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

அப்புறம் எல்லாரும் போன பின்னாடி பார்த்தா, வேலி ஓரமா ஒருத்தி நிக்கிறா. பூவாயி. உள்ள பாவாடை கஞ்சி குடிக்கிறான், சர்ர்ர்... சர்ர்ர்.

"ஏண்டி பூவாயி, என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்க்கா. அவரு குடிச்சு முடிக்கிற வரைக்கும் இங்கயே நின்னுட்டுப் போறேன். எங்க வீட்டுல கல்லு ஒறிஞ்சாது."

ஏய் கண்ணு, கேட்கிறியா? இத்தன வருஷமா காத்தாயி அந்தக் கல்லப் பார்த்து எரிஞ்சா. பூவாயி அந்தச் செவுத்துக்கு அப்பால படுத்துக்கிட்டு, இந்தச் சத்தத்தக் கேட்டுக் கேட்டு எரிஞ்சிருக்கா. இது காத்தாயிக்குத் தெரியவே தெரியாது.

"அப்போ உள்ள கூப்பிட்டாளா?"

கூப்பிடல. சட்டுனு எழுந்து வாசப்படிய மறைச்சிக்கிட்டு நின்னா. புருஷன் தல முடி கூட வெளிய தெரியக் கூடாதுன்னு சேலைய விரிச்சிக்கிட்டு நின்னா. ஆனா நின்ன எடத்துலருந்தே கைய நீட்டி, பானையிலருந்து இன்னும் ரெண்டு அகப்பை கஞ்சிய அவன் கிண்ணத்துல ஊத்தினா. சத்தத்தக் குடுத்தா, பார்வையக் குடுக்கல. பூவாயி கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே நின்னா.

"ஏம்மா பார்க்கக் கூடாது?"

அது... எப்படிச் சொல்றது ஒனக்கு. பூவாயி நல்ல செவப்பு, காத்தாயி கருப்பு. அதுவும் இல்லாம, இப்போதான் அவளுக்கே அவன் கெடைச்சிருக்கான், அதுக்குள்ள இன்னொருத்தி கண்ணு...

"ஏ தவமணி! எருமை கட்ட அவுத்துக்கிச்சு பாரு, இங்க வா!"

இதோ வர்றேன் அத்தே! கதை போதும் கண்ணு, கண்ண இறுக்கி மூடிக்கோ, நான் போயிப் புடிச்சுக் கட்டிட்டு ஒரே ஓட்டமா வந்துடுறேன்.