வாலிடம் சொன்ன சேதி

கரட்டுக் காட்டில் சடைச்சி என்று ஓர் உடும்பு இருந்தது. கண்ணியில் சிக்கிப் பின்னங்கால் ஒடிந்த நாளிலிருந்து அதனால் இரை தேட முடியவில்லை. ஆனாலும் அது பட்டினி கிடக்கவில்லை. முடியாதவர்களுக்கு முடிந்தவர்கள் இரை கொடுப்பது அந்தக் காட்டின் வழக்கம். காலையில் காகம் வெட்டுக்கிளி கொண்டுவந்து போடும். சாயங்காலம் கொக்கு நண்டு கொண்டுவந்து வைக்கும். சடைச்சி வயிறாரத் தின்றுவிட்டுப் பாறைமேல் வெயில் காயும்.

வழக்கம் நல்லதுதான். நடப்பில்தான் ஏகப்பட்ட குளறுபடி. காகம் மறந்தால் கொக்குக்குத் தெரியாது. கொக்கு வராவிட்டால் காகத்துக்குத் தெரியாது. ஒருவருக்கு இரண்டு பங்கு போகும், இன்னொருவர் வாயைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். காட்டுக்குத் தலைமை தாங்கிய யானை இதைப் பார்த்துச் சலித்துப்போனது. இனி எல்லா இரையும் அத்திமரத்தடியில் சேர வேண்டும், அங்கிருந்துதான் பங்கு போக வேண்டும் என்று முடிவு செய்தது. சேதி சொல்லக் காகத்தை அனுப்பியது.

காகம் பாறைமேல் வந்து உட்கார்ந்தது.

"சடைச்சியக்கா, நாங்க தனித்தனியா கொண்டாந்து போடறது பௌர்ணமியோட நிக்குது."

அவ்வளவுதான். 'நிக்குது' என்று காதில் விழுந்ததோ இல்லையோ, சடைச்சி விருட்டென்று பாறை இடுக்குக்குள் தலையை விட்டது. உடம்பை ஊதிப் பெருக்கி, நகங்களால் பாறையை இறுகப் பற்றிக்கொண்டது. பயம் வந்தால் உடும்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வால் மட்டும் வெளியே கிடந்தது.

"என் பங்க எவனும் பிடுங்க முடியாது! இங்கேயிருந்து அசைய மாட்டேன்" என்று உள்ளேயிருந்து சீறியது.

"யாருக்கா பிடுங்கினா? முழுசாக் கேளுங்க" என்றது காகம். மீதிச் சேதியையும் சொல்லி முடித்தது. உள்ளே இருந்த சீறலில் அது யார் காதில் விழும்?

பக்கத்துப் பொந்தில் இருந்த கிழட்டு முள்ளம்பன்றிக்குப் பொறுக்கவில்லை. "வெளிய வா சடைச்சி, நமக்கு நல்ல சேதிதான்" என்று வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. சடைச்சி இன்னும் கொஞ்சம் ஊதிக்கொண்டது.

பௌர்ணமி வந்தது, போனது. வெட்டுக்கிளியும் வரவில்லை, நண்டும் வரவில்லை. பசியில் உடம்பு வற்றிப்போய் சடைச்சி வெளியே வந்தபோது, முள்ளம்பன்றி கிழங்கு தின்றுகொண்டிருந்தது.

"உனக்கு மட்டும் யாரு குடுத்தா?"

"அத்திமரத்துலேர்ந்து வருது. வேணும்னு கேட்டேன், வருது. நீயும் போய்க் கேளு."

ஒடிந்த காலை இழுத்துக்கொண்டு, கல்லிலும் முள்ளிலும் ஊர்ந்து, சடைச்சி அத்திமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. யானை ஒரு பங்கு எடுத்துக் கொடுத்தது.

"பழசுல பாதிகூட இல்லையே" என்றது சடைச்சி. அதற்கு அழுகை வந்தது.

"புதுசாக் கேக்கறவங்களுக்கு இதுதான் பங்கு. பௌர்ணமிக்குள்ள கேட்டவங்களுக்குப் பழைய பங்கு குறையாதுன்னு சொல்லி அனுப்பினேனே."

"நொண்டிக் கால வச்சுக்கிட்டு நான் எப்படி வருவேன்?"

"நடக்க முடியாதவங்க வரவே வேண்டாம், காகத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னும் சொன்னேன். இரை வீட்டுக்கே வந்திருக்கும்."

சடைச்சி மரக்கிளையில் உட்கார்ந்திருந்த காகத்தின் பக்கம் திரும்பியது. "ஏண்டா, இத என்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

"ஒண்ணு விடாமச் சொன்னேங்கக்கா. உங்க வால்தான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

சடைச்சி கொடுத்ததைத் தின்றது. அன்றிலிருந்து பங்கு தவறாமல் வந்தது. வயிறுதான் பழையபடி நிறையவில்லை.

இருப்பது போய்விடுமோ என்று பயந்து ஒளிகிறவருக்குக் கிடைக்க இருந்ததும் குறைந்துபோகும். சேதியை முழுதாகக் கேட்டு, வேண்டியதை வேளையோடு கேட்டு வாங்குகிறவர் எதையும் இழப்பதில்லை.