மிதவையில் எழுதிய பேர்

எங்கள் ஊர் சூசைராயனுக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போகக்கூடாது. பூசை முடிந்ததும் ஆம்பிளைகள் எல்லாரும் மரியதாஸ் டீக்கடையில்தான் கிடப்போம். எங்கள் கடலில் கடல்பசு அருகிப்போய்விட்டது. மூச்சுவிட மேலே வந்தாகவேண்டிய பிராணி அது, வலையில் சிக்கினால் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். அதைக் காப்பாற்ற ஊர் சார்பில் ஒரு காவலரை அன்று சாயங்காலம் தேர்ந்தெடுக்க இருந்தோம். அந்தப் பொறுப்பின் மேல் சூசைராயனுக்கு ஒரு கண்.

"போன வருசம் ஒரு விசைப்படகு கடல்பசு மேல ஏறப் பாத்துச்சு. குதிச்சுப் போயி, சுத்துற விசிறியக் கையால பிடிச்சு நிறுத்திட்டேன்" என்று ஆரம்பித்தான்.

பத்து விரலும் இருக்கிறதே என்றார் மரியதாஸ். ஒன்பது போய்விட்டதாம், உப்புத் தண்ணீரில் வைத்திருந்ததில் திரும்ப முளைத்துவிட்டதாம்.

அடுத்து, படகுச் சத்தத்தில் குட்டிகளுக்குத் தூக்கமே இல்லையென்று கடலுக்கு அடியில் உட்கார்ந்து மூன்று நாள் தாலாட்டுப் பாடினானாம். மூச்சுக்கு என்ன செய்தாய் என்று லாசர் அண்ணன் கேட்டார். தாய்ப்பசு மேலே போகும்போதெல்லாம் இவனுக்கும் சேர்த்து மூச்சு வாங்கிவந்து கொடுத்ததாம். இவன் காவலனானால் கடல்பசு தானாகவே ஊரைவிட்டுப் போய்விடும்.

அவ்வளவு பாசம் இருந்தால் அவை ஏன் இன்னும் வலையில் மாட்டுகின்றன என்று நான் கேட்டேன்.

"மத்த ஊருப் பசுதான் மாட்டும். நம்ம ஊருப் பசுவுக்கெல்லாம் நான் எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கேன். வலை மிதவையில அவனவன் பேரு எழுதியிருக்குல்ல? அதை எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டு, இங்க வலை கெடக்குன்னு ஒதுங்கிப் போயிரும்."

அப்போது ரோசாலி வந்தாள். கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவள், பூசைக்கு வரவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஒரு மிதவையை பெஞ்சில் வைத்தாள். 'சூசைராயன்' என்று சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"நேத்துப் போட்ட திருக்கை வலைய எடுக்காம பூசைக்கு வந்திருக்கீங்க. ஞாயித்துக்கெழமை லீவுன்னு வலைக்குத் தெரியாதுல்ல. கோயிலுக்குப் போற வழியில பாத்தேன், மிதவை முங்கி முங்கி எந்திரிச்சிச்சு. தாயும் குட்டியும் மாட்டிக் கெடந்துச்சு. குட்டிக்கு உசுரு போற நேரம். வலைய அறுத்து ரெண்டையும் வெளிய விட்டுட்டேன்."

மரியதாஸ் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். சூசைராயன் மிதவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போய், மறுபடி உயிர் வந்தது.

"பாத்தீங்களா? எம்பேர வாசிச்சிருக்கு. நம்ம மாமன் வலைதானேன்னு நம்பி உள்ள வந்திருக்கு."

ரோசாலி முந்தானையைப் பிழிந்தாள்.

"சரிண்ணே. வலையத் தச்சு முடிச்சதும் மிதவையில, 'மாமன நம்பாதே'ன்னு எழுதிப் போடுங்க. படிச்ச பிள்ளைக, கேட்டுக்கிரும்."