வளையத்தருகே அறுந்த பட்டை

இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புதிரை விட்டுவிட்டு நீங்களும் பிலோமினாவோடு சேர்ந்து நடுங்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

பேரணாம்பட்டில் தோல் பை தைத்துப் பிழைப்பவள் பிலோமினா. அவள் கணவன் எட்வின் ஆலைப் புகைபோக்கிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பெயின்ட் அடிப்பவன். உச்சியில் இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது அவன் உயிர் இடுப்புப் பட்டையில்தான் தொங்கும். அதைத் தைத்துக் கொடுப்பவள் அவள். "கடைச் சரக்கு வேணாம், உன் கைதான் எனக்கு நம்பிக்கை" என்பான். நம்புகிறவனுக்கு என்ன, தூக்கம் கெடுவது அவளுக்கு.

முதல் பட்டையைத் துணி தைக்கும் பழைய மெஷினில் தைத்தாள். தடித்த எருமைத் தோலைப் பார்த்ததும் அது முக்கியது, ஊசிகளை ஒடித்தது. வேறு வழியில்லாமல் தையலை அகல அகலமாக வைத்து, ஒரே வரிசையில் ஒப்பேற்றினாள். பார்க்கச் சகிக்காத அந்தப் பட்டை, பெயின்ட் ஊறி விறைத்துப்போகும்வரை அவனைத் தாங்கியது.

ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோனபோது, அவன் புகைபோக்கி உச்சியில் பின்னால் சாய்ந்து தொங்குவதைப் பார்த்துவிட்டாள். உடனே ஆம்பூருக்குப் போய்ப் பெரிய தோல் மெஷின் கேட்டாள். கடைக்காரர் குணசீலன் இரண்டைக் காட்டினார். ஒன்று வேகமாக ஓடியது, ஆனால் தடித்த தோலில் மேல் அடுக்கு வழுக்கியது. மற்றதில், தோலை அழுத்திப் பிடிக்கும் பாதம் அதைக் கவ்வி, ஊசியோடு சேர்ந்தே நகர்ந்தது. கத்தி முனை ஊசி சிரமமே இல்லாமல் இறங்கியது. அதைத்தான் வாங்கினாள். நல்ல தேர்வு, குறை சொல்ல முடியாது.

வீட்டில் தையல் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பினாள். கயிறு மாட்டும் இரும்பு வளையத்தைச் சுற்றிப் பட்டையை மடித்த இடத்தில், குறுக்குவாட்டில், எறும்புச் சாரை மாதிரி நெருங்கிய தையல். ஒரு வரிசை போட்டாள். பயம் போகவில்லை. ஒட்டினாற்போல் இன்னொன்று. அப்புறமும் ஒன்று.

அந்த மாதமே, ஒரு தண்ணீர்த் தொட்டி வேலையில், பட்டை அறுந்தது. நல்லவேளை, எட்வினின் ஒரு கை ஏணிக் கம்பியில் இருந்தது. உள்ளங்கை உரிந்ததோடு இறங்கி வந்து, இரண்டு துண்டையும் அவள் மடியில் போட்டான். தோல் தையல் வரிசையோடு நேர்கோடாகக் கிழிந்திருந்தது. நூல் ஓரிடத்திலும் அறவில்லை.

"தோல் அழுகல்" என்றான் எட்வின்.

தோல் கொடுத்த இஸ்மாயில் பாய் ரோஷத்தோடு வந்தார். அதே தோலில் வெட்டியது போக மிச்சமிருந்த துண்டின் ஒரு முனையை எட்வினிடம் நீட்டினார். "இழுப்பா, பாக்கலாம்!" இருவரும் குதிகாலை ஊன்றி இழுத்தார்கள். தோல் அசைந்து கொடுக்கவில்லை. "நூலை ரெட்டையாப் போடும்மா. இன்னும் ரெண்டு வரிசை சேத்து ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிலோமினா குணசீலனுக்குப் போன் செய்தாள். "மெஷின்ல கோளாறா அண்ணே?"

"தையல் எங்கனா விட்டுச்சா? ஊசி மாறி குத்திச்சா?"

"இல்லண்ணே. எல்லாம் ஒரே சீரா இருக்குது."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா மெஷின திட்டற?"

தொட்டி வேலை பாதியில் நிற்கிறது. நாளைக் காலை எட்வின் மறுபடி ஏற வேண்டும். மெஷின் முன்னால் உட்கார்ந்த பிலோமினாவுக்குக் கால் மிதிமேல் போக மறுக்கிறது. தோலை மாற்றுவதா, நூலை மாற்றுவதா, மெஷினைத் திருப்பிக் கொடுப்பதா?

நீங்களே சொல்லுங்கள்: பட்டையை அறுத்தது யார்?

விடை: பிலோமினாவின் பயம்தான். கத்தி முனை ஊசி ஒவ்வொரு குத்திலும் தோலை வெட்டுகிறது. தோலில் விழுந்த ஓட்டை, துணியில் போல மூடிக்கொள்ளாது. குறுக்கே நெருக்கி நெருக்கி மூன்று வரிசை போட்டதில், கிழிய வேண்டிய இடத்தைக் கோடு போட்டே காட்டிவிட்டாள். பாய் சொன்னபடி இன்னும் இரண்டு வரிசை போட்டிருந்தால் ஆளே போயிருப்பான். அறுந்த ஓரத்தில் வரிசையாக இருந்த ஓட்டைகளைப் பார்த்த பிறகு அவளுக்கே இது விளங்கியது. அதே தோல், அதே நூல், அதே மெஷின். திருகை மட்டும் கூட்டி, அகலத் தையலாகப் பட்டையின் நீளவாட்டில் ஓட்டினாள். "நான்தாங்க அறுத்தேன்" என்று எட்வினிடம் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. ஆனால் புதுப் பட்டையை அவனிடம் கொடுக்கவில்லை. தன் இடுப்பில் கட்டி, வாசல் வேப்பமரக் கிளையில் கயிற்றை மாட்டி, காலைத் தரையிலிருந்து எடுத்துத் தொங்கினாள். "போதும், எறங்கு" என்று அவன் கெஞ்சிய பிறகும் இறங்கவில்லை.