பூதத்தின் நடை

மாசிலாமணிக்கு வயது ஐம்பத்தாறு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட நாச்சியாரம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அன்று காலை அம்மை மடத்து அடுக்களையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாசிலாமணி செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தார்.

“அம்மா, ஒருத்தனைச் சபிக்கலாமா?”

“யாரை?”

“அருமைராஜை. என்கூட ஒரே பெஞ்சில படிச்சவன்.”

அம்மை அரிவாள்மணையை விட்டு எழவில்லை. “சொல்லுங்க.”

சொன்னார். ஐந்தாம் வகுப்பிலேயே அருமைராஜ் கணக்கு நோட்டின் ஓரங்களில் சேவல் வரைவான். தாள்களை விரலால் சரசரவென்று விட்டால் சேவல் குனிந்து நெல் கொத்தும். அடிக்க வந்த வாத்தியார் இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வரையத் தாள் வாங்க வழியில்லாதவனுக்கு மாசிலாமணியின் அப்பாதான் தபாலாபீஸில் வீணாய்ப்போன படிவங்களைக் கொண்டுவந்து தருவார். அப்பா தபால்காரர். லாரி மோதி ஒரு கால் விளங்காமல் போன பிறகும் நடந்தே தபால் கொடுத்தவர்.

அருமைராஜ் சென்னைக்குப் போனான். அனிமேஷன் படங்களில் பெரிய ஆளாகிவிட்டான்.

“நேத்துப் பேத்தியைக் கூட்டிக்கிட்டு அவன் படத்துக்குப் போனேன். அதுல ஒரு பூதம் வருது. காலை இழுக்குது, நிக்குது, தோளை ஒரு குலுக்குக் குலுக்குது, அப்புறம்தான் அடுத்த அடி. அச்சு அசல் எங்கப்பா! தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்குது. அவர் குடுத்த தாள்ல கிறுக்கிப் பழகினவன், அவரையே பூதமாக்கிக் காசு பாக்கிறான்!”

“நீங்க சிரிச்சீங்களா?”

மாசிலாமணி தயங்கினார். “முதல்ல... யாருன்னு தெரியறதுக்கு முன்னாடி.”

“பூதம் கெட்டதா?”

“கடைசியில பிள்ளைங்களைக் காப்பாத்துது. நல்லதா இருந்தா என்ன, கெட்டதா இருந்தா என்ன? என்னை ஒரு வார்த்தை கேட்டானா?”

“கேட்டிருக்கணும்,” என்றார் அம்மை. நறுக்கிய துண்டுகளை ஓரமாக ஒதுக்கினார். “உங்கப்பா எப்படி நடப்பார்? நடந்து காட்டுங்க.”

கோபம் குறையாமலே மாசிலாமணி சுவரோரம் போய் நின்றார். வலது காலை இழுத்தார். நின்றார். இடது தோளைக் குலுக்கினார். அடுத்த அடி வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன?”

“தபால் பை, அம்மா. ஒவ்வொரு எட்டுக்கும் தோள்லேர்ந்து நழுவும். அதைத் தூக்கிவிடத்தான் குலுக்குவார்.” “பூதத்துக்கிட்டே பையே இல்லை. ஆனாலும் குலுக்குது.”

அம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“முந்தாநாள், படம் பார்க்கறதுக்கு முன்னாடி, நான் கேட்டிருந்தா, அந்தக் குலுக்கு உங்களுக்கு நினைப்பு வந்திருக்குமா?”