வானவழியில் சிந்திய கோலமாவு

முன்னொரு காலத்தில், சாலைகளெல்லாம் மலையைச் சுற்றிக்கொண்டு போன நாளில், மருதூர், நெடுந்துறை என்று இரண்டு நகரங்கள் இருந்தன. மருதூரில் இளவழுதி என்ற தேர்த்தச்சன் இருந்தான். அவன் மனைவி வஞ்சிக்கொடி, கொதிக்கிற உலையைக்கூட மூடியைத் திறந்து பார்த்தால்தான் நம்புவாள்.

ஒருநாள் இளவழுதியைக் காணவில்லை. மந்திரவாதி கரும்பூதன் வாசலில் வந்து நின்றான்.

"உன் புருஷன் என்னிடம் இருக்கிறான். மருதூரிலிருந்து நெடுந்துறைக்கு வானவழியாக எவ்வளவு தூரம்? அமாவாசைக்குள் சரியாகச் சொன்னால் அவன் உனக்கு. தவறினால் எனக்கு. இந்தா, பறக்கும் மரக்குதிரை. இந்தா, தீராத நூல்கண்டு. நீயே அள!"

கேட்காமலே கொடுக்கிறானே, ஏன்? வேறு வழியில்லை. நூல் நுனியைக் கோட்டைக் கொடிமரத்தில் கட்டிவிட்டு ஏறினாள்.

"நேராகத்தானே போகிறாய்?"

"நேராகத்தான் போகிறேன், அம்மணி" என்றது குதிரை, மரம் உரசுகிற குரலில்.

மூன்று முறை பறந்தாள். மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அதே பதில். மூன்று நூலையும் தெருவில் நீட்டிப் பார்த்தால், ஒன்றைப்போல் ஒன்று இல்லை!

பொய் சொல்வது யார்? நூலா? அதே நூலால் தன் புடவையை மாற்றி மாற்றி அளந்தாள், ஒரே நீளம். காற்றா? இலைகூட அசையவில்லை. மிச்சம் குதிரை. வஞ்சிக்கொடி கோடாலியை எடுத்தாள்.

"அந்த மந்திரவாதியின் சோறு தின்ற மரக்கட்டையே, உண்மையைச் சொல்!"

"எனக்கு ஏது சோறு? புல்லுக்கே வழியில்லை. நேராகத்தான் போகிறேன், அம்மணி." அதன் கண்ணில் ஈரம் கசிந்தது.

'மரத்தில் பிசின் வடிகிறது' என்று நினைத்தாள். ஆனாலும் கை ஏனோ ஓங்கவில்லை.

மறுநாள் குதிரையின் வயிற்றில் ஒரு கோலமாவுப் பையைக் கட்டி, அடியில் ஓட்டை போட்டாள். நெடுந்துறைக்குப் பறந்துவிட்டுத் திரும்பி வரும்போது கீழே பார்த்தாள். நேராக ஓடிய வெள்ளைக் கோடு, ஒரு பட்டுப்போன பனையருகே மட்டும் வளைந்து சுற்றியிருந்தது. கோலத்தில் கோடு வளைந்தால் உள்ளே புள்ளி இருக்குமே!

இறங்கி நடந்தாள். பனையின் பொந்தில் ஒரு சிமிழ். சிமிழுக்குள் ஒரு கருவண்டு. கரும்பூதன் அலறிக்கொண்டு வந்து விழுந்தான்.

"என் உயிர் அது! விட்டுவிடு! தூரத்தை நானே சொல்கிறேன்!"

"நீ சொல்லி நான் நம்பவா?"

வண்டை நசுக்கினாள். கரும்பூதன் சாம்பலானான். குதிரை இரண்டாகப் பிளந்தது. உள்ளேயிருந்து இளவழுதி எழுந்து வந்தான்.

"அந்தப் பனைமேல் பறக்கக்கூடாது, 'நேராகத்தான்' என்றே சொல்லவேண்டும். இதுதான் அவன் எனக்குப் போட்ட மந்திரக் கட்டு. எவ்வளவு வளைவது என்று அவன் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வளைந்தேன். நீ சந்தேகப்படுவாய் என்று நம்பினேன்."

"கோடாலி எடுத்தேனே!"

"அதைத்தான் எதிர்பார்க்கவில்லை."

பிளந்த குதிரையை இளவழுதி ஒட்டினான். பறக்கும் குணம் மரத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. இருவரும் ஏறிப் பனைக்கு நேர்மேலாகப் பறந்து, உண்மையான தூரத்தை அளந்தார்கள். இரண்டு ஊரும் அதையே ஏற்றுக்கொண்டன.

அப்படிப் பறந்த வழியில் இளவழுதி அவள் பக்கம் திரும்பி, "நேராகத்தான் போகிறேன், அம்மணி" என்றான்.

வஞ்சிக்கொடி வாய்விட்டுச் சிரித்தாள். மாவுப் பையை மட்டும் அவிழ்க்கவில்லை.