ஏரியை விழுங்கிய செய்தி

ஏகாம்பரம் படுக்கையைச் சுருட்டிக் கட்டி வைத்துவிட்டுத்தான் அம்மையாரைப் பார்க்கப் போனார்.

பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பிள்ளைகளின் பேச்சைத் தட்டிவிட்டு, தம்மைவிட வயதில் இளையவரான தவமணி அம்மையாரைக் குருவாக ஏற்று மடத்துக்கு வந்து சேர்ந்தவர். வந்தது சரிதானா என்று அன்றுதான் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

கையிலிருந்த மாலைப் பத்திரிகையை அம்மையார் முன் விரித்தார். ‘ஏரியை விழுங்கிய பெண் சாமியார்!’ எழுத்துகள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருந்தன.

அம்மையார் நிதானமாகப் படித்தார். "விழுங்கிவிட்டேனா? ஏப்பம்கூட வரவில்லையே!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பும் ஏகாம்பரத்துக்குச் சந்தேகமாகவே பட்டது. மடத்துத் தோப்பின் கோடியில், ஏரிப் பக்கமாக, புதுவேலி எப்போது முளைத்தது? யார் போடச் சொன்னது? அதுவரை தோன்றாத கேள்விகள் எல்லாம் இப்போது முண்டியடித்துக்கொண்டு வந்தன.

"காலை நாளிதழ் என்ன சொல்கிறது?" என்று கேட்டார் அம்மையார்.

"உள்பக்கத்தில் நாலு வரி. ஏரி நிலத்தை வளைத்துக்கொண்டதாக மடத்தின் மேல் புகார் வந்திருக்கிறதாம், வட்டாட்சியர் விசாரிக்கிறாராம்."

"கட்சிப் பத்திரிகை?"

"எதிர்க்கட்சியின் சதி என்கிறது. இருப்பது ஒரே ஏரி, அம்மா! ஆளுக்கொரு விதமாக எழுதினால் நான் யாரை நம்புவது?"

"மாலைப் பத்திரிகையை யார் வாங்குகிறார்கள்? உங்களுக்குத் தெரியாததா?"

"வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன். கம்பியைப் பிடித்து நின்றபடியே படிப்பான்."

"அந்த நெரிசலில் அவன் கண்ணில் பட வேண்டும். அதனால் கத்துகிறது."

"அப்படியானால் பொய்தானே?"

"கத்துவதெல்லாம் பொய்யா? வண்டியில் திருடன் ஏறினால் நீங்கள் கத்தியிருக்க மாட்டீர்களா? அது கத்தியதால்தான் இன்றைக்கு ஏரி உங்கள் நினைவுக்கு வந்திருக்கிறது."

ஏகாம்பரத்துக்கு எரிச்சல் மூண்டது. "பிடி கொடுத்துப் பேச மாட்டீர்களா, அம்மா?"

அம்மையார் எழுந்து வாசலுக்கு நடந்தார். வருகிறவர்கள் படிப்பதற்காக அறிவிப்புப் பலகையில் ஓர் ஆன்மிக மாத இதழின் பக்கம் ஒட்டப்பட்டிருந்தது. ‘அம்மையாரின் அருளால் ததும்பும் ஏரி’ என்பது தலைப்பு. அதை நகத்தால் சுரண்டிப் பிய்த்தார்.

"இதை ஒட்டியவர் யார்?"

"நான்தான். போன தைப்பூசத்துக்கு."

"ஒட்டுமுன் ஏரியைப் போய்ப் பார்த்தீர்களா?"

தோப்பைத் தாண்டினால் ஏரிக்கரை. மடத்துக்கு வந்த நாள்முதல் ஏகாம்பரம் தோப்பைத் தாண்டியதில்லை.

பிய்த்த தாளை மாலைப் பத்திரிகையோடு சேர்த்து மடித்து அவர் கையில் வைத்தார் அம்மையார். "வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பாருங்கள். படுக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரத் தோன்றாவிட்டால், கரை வழியாகவே பேருந்துச் சாலையைப் பிடித்துவிடலாம்."

ஏகாம்பரம் படுக்கையைத் தோளில் ஏற்றினார். முதல் தென்னைவரை போனவர் நின்று திரும்பினார்.

"அம்மா, ஏரியை எடுத்தீர்களா, இல்லையா? உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நம்பிவிடுகிறேன்."

"சொன்னால், அதையும் கொண்டுபோய்ப் பலகையில் ஒட்டிவிடுவீர்கள்" என்றார் அம்மையார்.