பத்தாயிரத்து ஏழு எறும்புகள்

அந்தக் காலத்தில், எறும்புகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு புற்றில் ராணி போக பத்தாயிரத்து ஏழு எறும்புகள் இருந்தன. எங்கே கிளம்பினாலும் வரிசைக்கு இத்தனை பேர் என்று சமமாகத்தான் போக வேண்டும். நிறையாத வரிசையில் நிற்பவர்கள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். அது ராணி போட்ட சட்டம். மற்ற நாளில் அதில் குறையொன்றுமில்லை, ஒரு தூக்கம் போடலாம். ஆனால் அன்று அடைமழை. புற்றுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

வரிசை கட்டுகிறவள் மருக்கொழுந்து. பாவம், சும்மாவே அவளுக்குப் படபடப்பு.

"இரண்டிரண்டாக நில்லுங்கள்" என்றாள். ஒருத்தி மிஞ்சினாள். அது மருக்கொழுந்துதான். வரிசை கட்டுகிறவள்தானே கடைசியில் நிற்பாள்.

மூன்று மூன்றாக நிறுத்தினாள், இரண்டு பேர் மிச்சம். ஏழேழாக நிறுத்தினாள், நான்கு பேர். பதினொன்று, பதின்மூன்று என்று போய் நூறு நூறாகவும் நிறுத்திப் பார்த்துவிட்டாள். ஏழு பேர் மிச்சம். அந்த எண் அப்படி. எப்படிக் கூறு போட்டாலும் பிடிவாதமாகச் சமமாகப் பிரியவில்லை. ஒவ்வொரு தடவையும் மிச்சத்தில் மருக்கொழுந்து இருந்தாள்.

நடுவரிசையில் நின்ற சிங்காரி சிரித்தாள். "என்னக்கா, எப்படிப் பிரித்தாலும் நீங்களே மிஞ்சுகிறீர்கள்?"

"வாயை மூடடி. முட்டையை நேராகப் பிடி."

உள்ளேயிருந்து ராணி சொன்னாள்: "இரண்டிரண்டாகவே கிளம்புங்கள். ஒருத்திதானே மிச்சம்."

"அந்த ஒருத்தி நான், ராணியம்மா."

"தெரியும். அதனால்தான் மற்றவர்கள் பேசாமல் இருக்கிறார்கள்."

தண்ணீர் மருக்கொழுந்தின் முழங்காலுக்கு வந்துவிட்டது.

சிங்காரிக்கே மனசு கேட்கவில்லை. "பத்தாயிரத்து ஏழு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வரிசையாக நின்றால் யாரும் மிஞ்ச மாட்டோமே அக்கா?"

"வாசல் எவ்வளவு அகலம் என்று பார்த்தாயா?"

அதைச் சொல்லிக்கொண்டே மருக்கொழுந்தும் வாசலைப் பார்த்தாள். சட்டென்று ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு, எல்லோரையும் இடித்துத் தள்ளி, தன் வாழ்நாளில் முதல்முறையாக எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள்.

"வரிசைக்கு ஒருத்தி" என்றாள். "என் வரிசை நிறைந்துவிட்டது. அவரவர் வரிசை நிறைந்ததா என்று அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள்."

எல்லோரும் தங்கள் வரிசையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். நிறைந்துதான் இருந்தது. சட்டப்படி சரிதான் என்று ராணியும் கிளம்பினாள்.

மேட்டுக்கு வந்த பிறகும் மருக்கொழுந்துக்கு மனம் ஆறவில்லை. வந்த வழியே திரும்பி நடந்து, எதிரே வந்த ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, முகத்தைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள்: "உனக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா? யாரையும் விட்டுவிட்டு வரவில்லையே?" கடைசியாகச் சிங்காரி தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான் எறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. எதிரே ஒன்று வந்துவிட்டால், எத்தனை அவசரத்திலும் நின்று, முகத்தோடு முகம் வைத்து, பின்னால் யாரும் மிஞ்சவில்லையே என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கின்றன.